சொந்த நிலமும் தரிசானது ஏன்?

கேள்வி: சோவியத் யூனியன் உடைந்ததும் கூட்டுப்பண்ணை நிலத்தை மக்களுக்கே பிரித்துக் கொடுத்தார்களாமே, அப்புறமும் ரஷ்யாவில் அவ்வளவு நிலம் தரிசானது எப்படி? சொந்த நிலத்தை யாராவது சும்மா போடுவார்களா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: பிரித்துக் கொடுத்ததே பெரும்பாலும் காகிதத்தில்தான். இத்தனை ஹெக்டேர் உங்கள் பங்கு என்று எழுதித் தந்தார்களே தவிர, அது எந்த வயல், எந்த வரப்பு வரை என்று பலருக்கும் அளந்து காட்டவில்லை. சரி, காட்டியிருந்தால்தான் எதைக் கொண்டு உழுவது? 1992 ஜனவரியில் விலைக்கட்டுப்பாட்டை எடுத்ததும் டீசல், உரம், டிராக்டர் உதிரிபாகம் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின, விளைந்ததை நிச்சயமாக வாங்கிக்கொண்டிருந்த அரசும் கையை விரித்துவிட்டது.

இதில் பலரும் கணக்கில் எடுக்காதது மாடு. அந்த வயல்களில் கணிசமானவை மாட்டுத்தீவனத்துக்காகவே விதைக்கப்பட்டவை. 1991-இல் ரஷ்யாவில் சுமார் 5.7 கோடி மாடுகள் இருந்தன. தீவனம் கட்டுப்படியாகாமல் அறுப்புக்கு அனுப்பி அனுப்பி 2000-க்குள் அது பாதிக்கும் கீழே போய்விட்டது. மாடு போனால் தீவனப் பயிரை யாருக்காக விதைப்பது? 1990-இல் ஏறக்குறைய 11.8 கோடி ஹெக்டேராக இருந்த விதைப்புப் பரப்பு 2007 வாக்கில் 7.5 கோடிக்கு இறங்கியது. விட்டுப்போனது மூன்று தமிழ்நாட்டுக்கும் மேல்!

கேள்வி: இப்படித் தரிசான நிலம் காடாக மாறினால் பூமிக்கு நல்லதுதானே?
- வாசகர், தென்காசி

பதில்: ஓரளவு நல்லதுதான், மறுக்கவில்லை. மேற்கு ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பக்கத்து வயல்களில் பிர்ச் மரங்கள் தானாகவே முளைத்து வளர்ந்தன, மண்ணிலும் கரிமம் சேருகிறது. விடப்பட்டதில் நிறைய நிலம் வளம் குறைந்தது, மானியம் இருந்தவரைக்கும்தான் அதை உழ முடிந்தது. தெற்கே கரிசல் பகுதியில் விவசாயம் மீண்டு, ஒரு காலத்தில் தானியம் இறக்குமதி செய்த நாடு இப்போது கோதுமை ஏற்றுமதியில் முன்னணியில் இருக்கிறது.

ஆனால் தரிசான எல்லா இடத்திலும் காடு வந்துவிடவில்லை. சோவியத் காலத்தில் தீவனத்துக்கென்று கொண்டுவந்த பர்ஷெவிக் என்ற செடி, ஆளில்லாத வயல்களில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. அதன் சாறு தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் தீப்பட்டதுபோல் கொப்புளம் போட்டுவிடும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே முடியாது. வசந்தத்தில் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் தீ வீடுகள் வரைக்கும் வருகிறது. இதையெல்லாம் தாங்குவது ஊரில் மிஞ்சிய வயதானவர்கள். மறுபடி உழலாம் என்றாலும் முதலில் இருபது வருஷத்து மரங்களை வேரோடு பிடுங்கியாக வேண்டும், அதற்குத் தெம்புள்ள இளைஞர்கள் நகரத்தில் வேலை தேடிப் போய் ரொம்ப காலமாகிறது.