“போரிடாமல் வெல்வதே மேல்” என்ற சீனப் போர்க் கொள்கை நிஜத்தில் எப்படி வேலை செய்தது?

முழுக்கச் சண்டையே இல்லாமல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிரி பலமாக நிற்கும் இடத்தில் மோதாதே என்பதுதான் நடைமுறை.

கி.மு. 354 வாக்கில் வெய் நாட்டுத் தளபதி பாங் ஜுவான், ஜாவ் நாட்டின் தலைநகர் ஹண்டானை முற்றுகையிட்டார். உதவிக்குக் கிளம்பிய சி நாட்டுத் தளபதி தியான் ஜி நேரே ஹண்டானுக்குப் போகத்தான் நினைத்தார். ஆலோசகர் சுன் பின் தடுத்தார்: வெய்யின் நல்ல படையெல்லாம் வெளியே இருக்கிறது, அவர்கள் ஊர் காலி, அங்கே போவோம். பதறித் திரும்பிய வெய் படையைக் குய்லிங்கில் மடக்கி அடித்தார்கள்.

சுன் பின் தண்டனையால் கால் முடமானவர். தளபதி பதவியே வேண்டாமென்று மூடுவண்டியில் அமர்ந்து யோசனை சொன்னார். தன் திட்டத்தை விட்டுக்கொடுத்து அதைக் கேட்ட தியான் ஜியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அவர்தான் தலைவர்.

பல ஆண்டு கழித்து மாலிங்கில் மறுபடியும் மோதல். சி படையினர் தங்கள் முகாமில் தினமும் சமையல் அடுப்புகளைக் குறைத்தார்கள்: 1,00,000, பிறகு 50,000, பிறகு 30,000. ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று நம்பிய பாங் ஜுவான், காலாட்படையை விட்டுவிட்டு வேகமாகத் துரத்திப்போய்ப் பதுங்கியிருந்த வில்லாளிகளிடம் சிக்கினார். இது பண்டைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியது. கொஞ்சம் கதை வாசனை உண்டு. 1972இல் ஷான்டாங் மாகாணக் கல்லறையில் கிடைத்த மூங்கில் சுவடிகளோ, பாங் ஜுவான் குய்லிங்கிலேயே பிடிபட்டதாகச் சொல்கின்றன.