தீப்பெட்டிக்குள் ஒரு யானை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. அறிவியலில் ஆர்வமே இல்லை. 4,000 ரூபாய்க்கு சயின்ஸ் கிட் வாங்கினேன். ஒரு தடவை எரிமலை செய்துவிட்டு மூலையில் போட்டுவிட்டான். மாமியார் வேறு ராத்திரியில் கதை சொல்லி மனதைக் கெடுக்கிறார். எறும்பைக் கேலி செய்த யானை சாபம் வாங்கி, மண்ணில் குழி பறிக்கும் குழியானைப் பூச்சி ஆனதாம். “யானைன்னா ஏன் பின்பக்கமாவே நடக்குது?” என்று இவன் கேட்க, “போய்ப் பாரேன்” என்றாராம். மறுநாள் தீப்பெட்டியில் அந்தப் பூச்சியோடு வந்து நின்றான். தூக்கி எறிந்தேன். இவனை எந்த வகுப்பில் சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எந்த வகுப்பிலும் வேண்டாம். இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது, கிட்டின் விலைதான் மாறும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்தது அந்தத் தீப்பெட்டியைத்தான். “தூக்கி எறிந்தேன்.” அவ்வளவுதானா?

பையன் கதை கேட்டான். ஓர் இடம் இடித்தது, கேட்டான். பாட்டி பதில் சொல்லாமல் வாசலுக்கு அனுப்பினார். இவன் மண்ணைக் கிளறி, சம்பந்தப்பட்ட ஆளையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். இவனுக்கா ஆர்வம் இல்லை? அந்த எரிமலை எப்படிப் பொங்கும் என்று பெட்டி மேலேயே படம் போட்டிருக்கும். அதில் அவன் தெரிந்துகொள்ள என்ன மிச்சம்?

யானையும் சாபமும் கட்டுக்கதைதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியவன் அவன். நீங்கள் முந்திக்கொண்டு சாட்சியைக் குப்பையில் போட்டீர்கள்.

1908-ல் பம்பாயில் சாலிம் அலி என்ற சிறுவன் ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள் கறை. என்ன குருவி என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் அதைத் தூக்கி எறியவில்லை, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துச் செயலாளர் மில்லார்டிடம் பையனை அனுப்பினார். பின்னாளில் இந்தியப் பறவைகள் என்றாலே நினைவுக்கு வரும் பெயராக ஆனான் அந்தப் பையன். பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான். உங்கள் மாமியார் செய்தார். நீங்கள் செய்யவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறீர்கள். ராத்திரிக் கதையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திரும்ப ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அத்தையிடம் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும், பையனை விட்டுச் சொல்லக் கூடாது.

சரி, தீப்பெட்டிக்கு வருவோம். மழை படாத திண்ணையோரப் புழுதியில் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். அவனோடு குந்தி உட்காருங்கள், புடவை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். எறும்பு விளிம்பில் கால் வைத்ததும் மணல் சரியும். அது மேலே ஏறப் பார்க்கும்போது அடியில் இருப்பது தலையால் மணலை வாரி வாரி எறியும். எறும்பு உள்ளே போய்விடும். சாற்றை உறிஞ்சிய பிறகு சக்கையை வெளியே சுண்டிவிடும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருங்கள். முதல் கேள்வி அவனுடையதாக இருக்கட்டும்.

பிறகு ஒன்றைப் பிடித்து, சலித்த மணலோடு பழைய டிபன் பாக்ஸில் விடச் சொல்லுங்கள். எறும்பு கிடைத்தால் குழி எவ்வளவு அகலம், பட்டினி கிடந்தால் எவ்வளவு? ஸ்கேலும் நோட்டும் அவனிடம் இருக்கிறது. ஒருநாள் அது மணலை இழையால் ஒட்டி உருண்டையாகக் கூடு கட்டிக்கொள்ளும். அதிலிருந்து வருவதற்குத் தட்டான் மாதிரி இறக்கை இருக்கும்.

இறக்கை விஷயத்தை மட்டும் அவனிடம் உளறிவிடாதீர்கள். அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.