சிங்கப்பூரில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை: கேள்வி பதில்

சிங்கப்பூரில் வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடம் இருந்தேன். இப்போது மன்னார்குடியில் இருக்கிறேன். அங்கே போகப்போகிறவர்களும், அங்கே ஆள் வைத்திருப்பவர்களும் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): எனக்கு 38 வயது, எட்டாவது வரை படித்தேன். முதல் ஆறு மாதம் சம்பளம் கைக்கு வராது என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா அக்கா?

வயதும் படிப்பும் சரி. முதல்முறை போகிறவருக்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும், 50 ஆகியிருக்கக் கூடாது, எட்டு வருடப் பள்ளிப்படிப்பு வேண்டும். பிடித்தம் நடப்பதுதான். ஆனால் சிங்கப்பூர் ஏஜெண்ட் உங்களிடம் வாங்கக்கூடியது, ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகம் போனால் இரண்டு மாதச் சம்பளம். அப்படியென்றால் மிச்ச நாலு மாதம் எங்கே போகிறது? ஊர் ஏஜெண்டின் செலவும் கமிஷனும்தான். என்னென்ன செலவு என்று தனித்தனியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். கிளம்பும் முன் ஐபிஏ கடிதம் கைக்கு வர வேண்டும். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு முன்கூட்டியே கொடுக்கும் ஒப்புதல் அது, சம்பளம் அதில் இருக்கும். ஏஜெண்ட் சொன்ன தொகையும் அதில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அந்த ஆளை விட்டு விலகுங்கள்.

கேள்வி (ஹட்டன், இலங்கை): பெரியவரைப் பார்க்கிற வேலை என்றுதான் சொல்கிறார்கள். சமையல், வீடு துடைப்பது எல்லாம் இருக்காதுதானே?

இருக்கும் தங்கச்சி. அங்கே பெரியவரைப் பார்க்கிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் ஒரே வேலை அனுமதிதான். காலையில் தாத்தாவுக்கு டயப்பர் மாற்றிவிட்டு, பேரனுக்கு டிபன் கட்டிவிட்டு, அப்புறம் வீடு கூட்ட வேண்டியிருக்கும். அதனால் முகவரிடம் வீட்டில் எத்தனை அறை என்று கேட்பதைவிட, அந்தப் பெரியவரைப் பற்றிக் கேளுங்கள். படுத்த படுக்கையா? எடை எவ்வளவு? மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடா? மறதி நோய் உண்டா, அடிப்பாரா? இரவில் எத்தனை தடவை எழுவார்? எழுபது கிலோ ஆளைக் கட்டிலிலிருந்து வீல்சேருக்கு ஒற்றையாகத் தூக்கிப் பழகாதவருக்கு இடுப்பு சீக்கிரமே போய்விடும். குழாயில் உணவு கொடுப்பதை நர்ஸ் செய்து காட்டாமல் தொடவே தொடாதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்கு முதலாளி மானியம் வாங்கலாம், கேளுங்கள். விமானம் ஏறும் முன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போக வேண்டாம்.

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): மாமியாருக்கு 81 வயது. இரவில் நாலைந்து தடவை எழுப்புகிறார். பணிப்பெண் பகலில் தூங்கி வழிகிறார், சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். ஆளை மாற்றிவிடலாமா?

மாற்றினால் அடுத்து வருகிறவரும் இப்படித்தான் தூங்கி வழிவார். இந்த வேலை சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்துக்குள் வராது. போதிய ஓய்வு தர வேண்டும் என்று அனுமதி நிபந்தனையில் இருக்கிறதே தவிர, எத்தனை மணி நேரம் என்று இல்லை. அந்த ஓட்டையில்தான் பெண்களின் தூக்கம் போகிறது.

முதலில் மாமியார் ஏன் எழுகிறார் என்று டாக்டரிடம் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுக்கிறீர்களா? சிறுநீர்த் தொற்றா? பகலெல்லாம் டிவி முன்னால் தூங்கிவிடுகிறாரா? இதில் ஒன்றைச் சரிசெய்தாலே நாலு தடவை இரண்டாகலாம். அப்புறம், வாரத்தில் இரண்டு மூன்று இரவு நீங்களோ உங்கள் கணவரோ எழுந்திருங்கள். ஆமாம், கணவரும்தான், அவர் அம்மாதானே! மறுநாள் மதியம் அந்தப் பெண் இரண்டு மணி நேரம் தூங்கட்டும், கூப்பிடாதீர்கள்.

கேள்வி (தெம்பனிஸ், சிங்கப்பூர்): ஞாயிற்றுக்கிழமை ஆஃப் கொடுத்தால் அப்பாவை யார் பார்ப்பது? பணமாகக் கொடுத்துவிட்டால் போதாதா?

முழுக்கப் போதாது. 2013 முதல் வாரம் ஒரு ஓய்வு நாள் உண்டு. பணிப்பெண் சம்மதித்து அன்று வேலை செய்தால் ஒரு நாள் கூலி தரலாம், மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து. சம்பளம் 650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 25 வெள்ளி. ஆனால் 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது விட்டே ஆக வேண்டும், அதற்குப் பணம் பதில் ஆகாது. அப்பாவுக்கு 67 ஆகிவிட்டதென்றால் லெவி, அதாவது ஆள் வைத்திருப்பதற்கு அரசுக்கு மாதாமாதம் கட்டும் தொகை, 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளிதான் கட்டுவீர்கள். மிச்சமாகும் 240 வெள்ளி அந்தப் பெண் இருப்பதால் வரும் சலுகை. அதில் ஒரு பங்கை எடுத்து, அவர் இல்லாத நாளுக்கு ஒரு நர்சிங் உதவியாளரைச் சில மணி நேரம் வரவழையுங்கள். உங்கள் பணிப்பெண் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், போய்த் தோழிகளைப் பார்த்துவிட்டு வரட்டும்.

கேள்வி (பட்டுக்கோட்டை): அம்மாவின் பாஸ்போர்ட்டையும் சம்பளத்தையும் "பத்திரமாக" முதலாளியே வைத்திருக்கிறார். இது சரியா?

இரண்டும் தப்பு தம்பி. பணிப்பெண்ணின் பணத்தை முதலாளி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 2019 முதல் அனுமதி நிபந்தனை. பாஸ்போர்ட்டும் அம்மாவுடையது. அம்மா பெயரில் வங்கிக் கணக்கு தொடங்கி அதில் சம்பளம் போடச் சொல்லட்டும். மறுத்தால் மனிதவள அமைச்சு, இல்லப் பணியாளர் நிலையம், வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உதவும் 'ஹோம்' அமைப்பு என்று கேட்க இடங்கள் இருக்கின்றன.

கேள்வி (நாகப்பட்டினம்): வீட்டுக்குள் அடித்தால் யாருக்குத் தெரியும்?

நியாயமான பயம். மியன்மாரிலிருந்து வந்த பியாங் ஙைடோன் 2016இல் பட்டினியும் அடியுமாக இறந்தபோது அவருக்கு 24 வயது, எடையும் 24 கிலோ. குற்றவாளி ஒரு தமிழ்ப் பெண், 2021இல் 30 வருடச் சிறை. நம்மவர் வீடென்றால் பயமில்லை என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அதே வருடத்திலிருந்து பணிப்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் எடையையும் காயங்களையும் பார்க்க வேண்டும். அங்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாதென்றால் போலீசுக்கு 999.

கேள்வி (மன்னார்குடி பக்கம்): பார்த்துக்கொள்ளும் பாட்டி போய்விட்டால் உடனே ஊருக்கு வர வேண்டுமா?

வேலை அனுமதி பெரும்பாலும் மகன் அல்லது மகள் பெயரில் இருக்கும், அதனால் அன்றே முடிந்துவிடாது. காரியமெல்லாம் ஆனபிறகு, வேறு வீட்டுக்கு மாற அனுமதி தருவார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். மாற அவர்கள் சம்மதம் வேண்டும், அதுவும் அனுமதியை ரத்து செய்வதற்கு முன்பே. எந்த நோயாளியை எப்படிப் பார்த்தீர்கள் என்று ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த சம்பளம் பேச உதவும். ஊருக்கு அனுப்பினால் டிக்கெட் செலவு முதலாளியுடையது.