நாற்பது நிமிடத்தைத் தின்றது கடிகாரம் இல்லை

எம்.இ. படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: தென்னந்தோப்பில் 12 இடத்தில் இஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினி போர்டோடு மண் ஈரப்பத சென்சார் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் அளந்து, வைஃபையில் அனுப்பிவிட்டு, 15 நிமிடம் தூங்கும். எத்தனையாவது அளவு என்பதை 15 நிமிடத்தால் பெருக்கித்தான் நேரம் போடுகிறார். ஒன்பதே நாளில் இரண்டு நோடுகளுக்கிடையே (நோடு என்றால் சென்சாரோடு உள்ள ஒரு போர்டு) 40 நிமிட வித்தியாசம். கைடு "எஃப்டிஎஸ்பி போடும்மா" என்கிறார் (நோடுகளின் கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஒரு முறை), ஒரு புராஜெக்ட் சென்டர் அதைச் செய்துதர 25,000 ரூபாய் கேட்கிறது, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். போர்டில் நேரம் எண்ணும் சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 பங்கு தப்பும், அதாவது நாளைக்கு 1.7 விநாடி. ஒன்று முந்தி மற்றது பிந்தினால்கூட ஒன்பது நாளில் அரை நிமிடம்தான். தூங்கும்போது இஎஸ்பி32 அந்தக் கிரிஸ்டலை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் மட்டமான ஆர்சி ஆஸிலேட்டரை வைத்து எண்ணும், அது வெயில் ஏற ஏற மாறும், சரி, அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் பெரிய திருடன் உங்கள் கோடில் இருக்கிறான். வேலை முடித்த பிறகு முழுதாக 15 நிமிடம் தூங்கச் சொல்கிறீர்கள். ரவுட்டர் பக்கத்தில் உள்ள நோடு இரண்டு விநாடியில் அனுப்பிவிடும், கடைசி மரத்தடியில் உள்ளது சிக்னலுக்குத் தவித்து ஐந்து விநாடி எடுக்கும். சுற்றுக்கு 3 விநாடி, நாளைக்கு 96 சுற்று, ஒன்பது நாள். பெருக்கிப் பாருங்கள், 43 நிமிடம் வரும்.

எனவே தூங்கும் நேரத்தை நிலையாக வைக்காமல், அடுத்த கால் மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டுத் தூங்கவிடுங்கள். ஒவ்வொரு முறை தகவல் வந்ததும் கேட்வே, அதாவது எல்லா நோடின் தகவலையும் வாங்கும் கருவி, தன் நேரத்தைப் பதிலில் அனுப்பட்டும், நோடு அதைப் பிடித்துக்கொள்ளட்டும். பதில் வருவதற்குள் கால் விநாடி போனால் போகட்டும், மண் ஈரம் அதற்குள் மாறிவிடாது.

எஃப்டிஎஸ்பி நல்ல வேலைதான், 2004-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. செய்தி ரேடியோவை விட்டுக் கிளம்பும் அந்தக் கணத்திலேயே நேர முத்திரை போட்டு மைக்ரோவிநாடி அளவுக்கு ஒத்துப்போக வைக்கும். உங்கள் ஆர்டுயினோ கோடு சாதாரணமாக அந்த இடத்தை எட்டாது. அப்படியானால் சென்டர்காரர் எதைத் தருவார்? என்எஸ்2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில் ஒரு சிமுலேஷன், பளபளவென்று நாலு கிராஃப். என்எஸ்2-இல் எல்லா நோடுக்கும் ஓடுவது ஒரே கடிகாரம், நாமாகப் பிழையைப் புகுத்தினால் ஒழிய அங்கே ஒத்திசைக்க ஒன்றுமே இல்லை! பிழை பூஜ்யம் என்று காட்டும் கிராஃபை வைவாவில் நானே பார்த்திருக்கிறேன், கடிகாரப் பிழையை எந்த வரியில் புகுத்தினாய் என்று கேட்டால் பையன் முழிக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஓடுகிற சாதாரணத் தீர்வுக்கு மார்க் இல்லை, ஓடாத "புதுமை"க்கு மார்க் உண்டு என்று வைத்திருக்கிறோமே.

விலக்கு உண்டு, ஒலி. சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பல மைக் வைத்துக் கண்டுபிடிக்கும் வேலையென்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, கடிகாரம் ஒரு மில்லிவிநாடி பிசகினால் தூரம் 34 சென்டிமீட்டர் பிசகும், 10 மில்லிவிநாடி பிசகினால் மூன்றரை மீட்டர். பாலத்தின் அதிர்வை அளப்பதும் ஏறக்குறைய இதே கதை. அங்கே எஃப்டிஎஸ்பி கேளுங்கள், கைடு சொல்வது நியாயம். ஈரப்பதத்துக்குக் கேட்காதீர்கள்.

வைஃபை அடிக்கடி போகும் நோடுகளுக்கு மட்டும் டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் போடுங்கள், அசல் சிப் என்றால் வருடத்துக்கு ஒரு நிமிடம்தான் தப்பும். கடைக்காரர் டிஎஸ்1307 என்ற வேறு கடிகார சிப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்காதீர்கள், வெப்பத்துக்கு ஈடுகட்டும் வசதி அதில் கிடையாது. அப்புறம் அந்த மலிவான நீல நிற போர்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். அதில் சார்ஜ் ஏற்றக்கூடாத சாதாரண சிஆர்2032 பட்டன் பேட்டரி போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பும். சார்ஜ் பாதையில் உள்ள டயோடைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.