பீரோ நிறைய துணி, போட்டுக்க ஒண்ணுமில்ல: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 34 வயசு, வேலைக்குப் போறேன். பீரோவத் தொறந்தா துணி மேல வந்து விழுது, ஆனாலும் தினமும் காலைல அது முன்னாடி கால் மணி நேரம் நிக்கிறேன், மூணு டிரஸ் போட்டுப் பாத்து கழட்டி கட்டில் மேல வீசிட்டு கடைசில அதே நீலக் குர்தாவ மாட்டிக்கிட்டு ஓடுறேன். உனக்குன்னு ஒரு ஸ்டைல் கண்டுபிடின்னு எல்லாரும் சொல்றாங்க. நெட்ல பாத்தா கிளாசிக், போஹோ, மினிமலிஸ்ட்னு என்னென்னவோ பேர் போட்டிருக்கு, அதுல எதுலயும் நான் இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: அந்த நீலக் குர்தாலருந்துதாம்மா ஆரம்பிக்கணும். உங்க ஸ்டைல் என்னன்னு அந்தத் துணிக்கு ஏற்கனவே தெரியும், நீங்கதான் அதக் கேக்கல. இன்னைக்கு ராத்திரி அத எடுத்து வெளிச்சத்துல விரிச்சு வச்சு நிதானமா பாருங்க. கை முழங்கை வரைக்கும் வருதா, கழுத்து குனிஞ்சாலும் நகராம இருக்கா, பாக்கெட் இருக்கா, இஸ்திரி போடாமலே சமாளிக்குதா, துணி உடம்புல ஒட்டாம விழுதா? காலர் ஓரம் வெளுத்திருந்தா, அக்குள்ல தையல் விட்டு நீங்களே கையால தச்சிருந்தா, அது சாதாரண விஷயமில்ல. நூறு காலைல நீங்க அதத் தேடிப் போயிருக்கீங்கன்னு அர்த்தம். ஏன் போனீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. "புடிச்சிருக்கு"ன்னு எழுதாதீங்க. பாக்கெட்டு, கழுத்து, நீளம்னு கண்ணுக்குத் தெரியுறத எழுதுங்க.

அப்புறம் ரெண்டு வாரத்துக்கு எதுவும் வாங்காம, தினமும் கிளம்புறப்ப போன்ல ஒரு போட்டோ மட்டும் எடுத்து வைங்க. நல்லாருக்கா இல்லையான்னு அன்னைக்கே பாக்க வேண்டாம். கடைசில எல்லாத்தையும் ஒண்ணா வச்சுப் பாக்கும்போது கண்ணாடில தெரியாதது போட்டோல தெரியும், ஏன்னா கண்ணாடி முன்னாடி நாம நிமிந்து வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நிக்கிறோம். கூடவே பீரோல இருக்க ஹேங்கர் எல்லாத்தையும் கொக்கி உங்க பக்கம் பாக்குற மாதிரி திருப்பி மாட்டி, போட்டுத் தொவச்சதும் நேரா மாட்டுங்க. மூணு மாசம் கழிச்சும் திரும்பியே தொங்குறது எதுன்னு பீரோவே சொல்லிடும்.

போட்டோவ எல்லாம் பாத்துட்டு உங்க ஸ்டைலச் சொல்ற மூணு வார்த்த எழுதுங்கன்னு நெறைய ஸ்டைலிஸ்டுங்க சொல்லுவாங்க, நானும் சொல்றேன், ஆனா எந்த வார்த்தைங்கறதுல கொஞ்சம் கறாரா இருக்கணும். "அழகா, டீசன்டா, டிரெண்டியா" இதெல்லாம் வேலைக்கு ஆகாது, கடைல இருக்க அத்தன துணியும் இதுக்குள்ள வந்துடும். வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச வார்த்தையா இருக்கணும். "நேர்கோடு, மெத்துன்னு, அடர்நிறம்"னு ஒருத்தர் எழுதினா சுருக்கம் வச்ச கையும், மொடமொடன்னு நிக்கிற துணியும், வெளிர் ரோஸும் அங்கயே நின்னு போயிடும். பேர் வச்ச ஸ்டைல் எதுக்குள்ளயும் நீங்க இல்லன்னு வருத்தப்படாதீங்க, பெரும்பாலானவங்க எதுலயும் முழுசா இருக்க மாட்டாங்க.

இப்ப மீதித் துணி. போடாம கெடக்குறத ஒண்ணொண்ணா கைல எடுத்து ஏன் போடலன்னு கேளுங்க. சிலது அளவு தப்பு, அது சுலபமா தெரிஞ்சுடும். சிலது ஜோடி இல்லாத துணி, அதுக்கு ஒத்துப்போற பேன்ட் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு இருக்கும், அதுவும் எப்பவும் துவைக்கிற கூடைலதான் கெடக்கும். இன்னும் சிலது நீங்க வாழாத ஒரு வாழ்க்கைக்கு வாங்கினது. வாரம் முழுக்க வேலை, வீடுன்னு இருக்கறவங்க பீரோல பாதி இடம் விசேஷத் துணியா இருக்கும், காலைல தடுமாற்றம் வர்றது பெரும்பாலும் இதனாலதான். போன வாரம் நீங்க எங்கெங்க போனீங்களோ அந்தக் கணக்குலயே பீரோவும் இருக்கட்டும்.

ஜோடி விஷயம் சின்ன கணக்குதான். 5 மேல் துணி, 3 கீழ் துணி, எல்லாம் எல்லாத்தோடயும் சேந்தா 15 விதமா போட்டுக்கலாம். அதே 5 மேல் துணிக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு ஜோடிதான்னா 10 உருப்படி வச்சிருந்தும் 5தான். அமெரிக்க டிசைனர் டோனா கேரன் 1985ல ஒண்ணோடொண்ணு சேர்ற ஏழு உருப்படிங்கற யோசனையோடதான் தன் சொந்தப் பேர்ல முதல் கலெக்‌ஷனக் கொண்டாந்தாங்க, வேலைக்குப் போற பெண்கள மனசுல வச்சு. உங்களுக்கு ஏழுதான்னு இல்ல, ஆனா ஒரு புதுத் துணி கைக்கு வந்தா வீட்ல இருக்குற மூணு உருப்படியோட அது சேருமான்னு அங்கயே நின்னு யோசிங்க. சேரலன்னா அத இருந்த இடத்துலயே வச்சிடுங்க.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அதே டிரஸ்ஸத் திரும்பத் திரும்பப் போடுறோமேன்னு கூச்சப்படுற தொனி உங்க லெட்டர்ல தெரிஞ்சுது. ஒபாமா அதிபரா இருந்தப்ப, 2012ல ஒரு பேட்டில, சாம்பல் கலர் இல்லன்னா நீலக் கலர் கோட்டு சூட்டு மட்டும்தான் போடுறேன், முடிவெடுக்க வேற விஷயம் நெறைய இருக்குன்னு சொன்னார். அவர் சொன்னா கெட்டிக்காரத்தனம், ஒரு பொண்ணு செஞ்சா "வேற டிரஸ் இல்லையா"ன்னு கேப்பாங்க. இது அநியாயம்னு நான் நெனைக்கிறேன். அந்தக் குர்தா மாதிரியே, அதே கழுத்து அதே நீளத்துல வேற ரெண்டு கலர் தச்சுக்கோங்க.

கேள்வி: எனக்கு எந்தக் கலர் எடுக்கும்னே தெரியல. வசந்தம், குளிர்காலம்னு சீசன் பேர் வச்சு கலர் பாத்துச் சொல்றாங்களாமே, அதுக்குப் போகலாமா?

பதில்: ஆசையா இருந்தா போங்க, ஆனா வீட்லயே பாத்துக்கலாம். பகல்ல ஜன்னல் பக்கத்துல, முகத்துல ஒண்ணும் போடாம உக்காந்து, ஒவ்வொரு கலர் துணியா தாடைக்குக் கீழ புடிச்சுப் பாருங்க. துணியப் பாக்காதீங்க, முகத்தப் பாருங்க. சில கலருக்கு கண்ணுக்குக் கீழ கருப்பு கூடுதலா தெரியும், சிலதுக்கு தோல் சமமாத் தெரியும், அந்த வித்தியாசம் பட்டுன்னு புரிஞ்சுடும். முகத்துக்குப் பக்கத்துல வர்ற கலருக்குத்தான் இவ்வளவும், பேன்ட் எந்தக் கலர்ல இருந்தாலும் முகத்த ஒண்ணும் பண்ணாது, அதனால புடிச்ச கலர் முகத்துக்கு எடுக்காதுன்னு தெரிஞ்சா கீழ் துணியா போட்டுக்கோங்க. கடைல லைட்டுக்குக் கீழ மேட்சிங் பாத்து வாங்கிட்டு வெளிய வந்தா ரெண்டும் வேற வேறயா தெரியுதுன்னு பல பேர் எழுதியிருக்கீங்க, அது உங்க கண்ணோட தப்பில்ல, ரெண்டு சாயம் ஒரு வெளிச்சத்துல ஒண்ணாவும் இன்னொண்ணுல வேறயாவும் தெரியும். முடிஞ்சா வாசல் வரைக்கும் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க.

கேள்வி: அண்ணன்களுக்கும் பதில் சொல்லுவீங்களாக்கா? 27 வயசு, சட்டை எத வாங்கினாலும் கடன் வாங்கிப் போட்ட மாதிரியே இருக்கு.

பதில்: தாராளமா தம்பி. மொதல்ல தோள்பட்டையப் பாருங்க. சட்டைல கையும் உடம்பும் சேர்ற அந்தத் தையல் தோள் எலும்பு முடியுற எடத்துல உக்காரணும், கீழ எறங்கி நின்னா கடன் வாங்கின மாதிரிதான் இருக்கும். மத்ததெல்லாம் டெய்லர்கிட்ட குடுத்தா சரியாயிடும், பக்கவாட்டுல புடிச்சுத் தருவார், கை நீளம் கொறைப்பார், ஆனா தோளச் சரி பண்ணணும்னா கையயே பிரிச்சுத் திரும்ப வெட்டித் தைக்கணும். அதனால தோளுக்குப் பொருந்துறத எடுத்து மீதிய ஆல்ட்டர் பண்ணுங்க. டிரையல் ரூம்ல நின்னு மட்டும் பாக்காம, உக்காந்தும், கைய மேல தூக்கியும் பாருங்க. நாள் முழுக்க நாம நின்னுக்கிட்டா இருக்கோம்?

கேள்வி: கொழந்த பொறந்து ஒரு வருசமாச்சு. பழைய துணி எதுவும் பத்தல. எடை கொறைஞ்சதும் வாங்கிக்கலாம்னு புருஷனோட டீஷர்ட்டயே போட்டுக்கிட்டு இருக்கேன். ஸ்டைல் எல்லாம் எனக்கு இப்ப எதுக்குன்னும் தோணுது.

பதில்: இந்த லெட்டர ரெண்டு தடவ படிச்சேம்மா. ஒரு வருசமா தெனமும் காலைல பத்தாத ஜீன்ஸ் ஒண்ணு உங்களப் பாத்து நிக்குது, அத யாரால தாங்க முடியும்? எடை கொறையலாம், கொறையாமலும் போகலாம், அதுவரைக்கும் இருக்குறதும் உங்க உடம்புதான். இன்னைக்கு அளவுக்கு நாலே நாலு செட் எடுத்துக்கோங்க, அதுக்கு மேல வேண்டாம். எடுக்கும்போது லேபிள்ல இருக்க நம்பரப் பாக்காதீங்க, ஒவ்வொரு பிராண்டுக்கும் அது மாறும், இன்ச் டேப் வச்சு அளந்துக்கோங்க. பால் குடுக்குறீங்கன்னா முன்னாடி தொறக்குற மாதிரி, அடிக்கடி தொவச்சாலும் தாங்குற காட்டன்ல. நெளிவு குடுக்குற எலாஸ்டிக் துணியா இருந்தா சுடுதண்ணிலயும் டிரையர்லயும் போடாதீங்க, சூட்டுல அந்த இழுவை சீக்கிரம் போயிடும். பழைய துணியத் தூக்கிப் போட மனசு வரலன்னா போட வேண்டாம், ஒரு பைல கட்டி பரண் மேல ஏத்தி வைங்க. பீரோவத் தொறந்தா இன்னைக்கு போட்டுக்க முடியுறது மட்டும் கண்ணுல படட்டும்.