பெர்னாண்டோ வீட்டுக் கேடயம்

வணக்கம் ஐயா,

துபாயில் இருக்கும் என் அண்ணன் மகன் ஊருக்கு வந்தபோது ஒரு மரச்சட்டம் கொண்டுவந்தான். சிவப்புக் கேடயம், அதில் சிங்கம், கீழே ‘பெர்னாண்டோ குடும்பச் சின்னம்’ என்று எழுத்து. இணையத்தில் பெயரைக் கொடுத்து வாங்கினானாம். சிவப்பு என்றால் போர்வீரர் பரம்பரை என்று கூடவே ஒரு தாள். எங்களுக்குப் போர்த்துகீசியப் பிரபுக்களோடு ரத்தத் தொடர்பு உண்டா?

ஒரு வாசகர், தூத்துக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சட்டத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்தக் கடையில் ஒரு கேடயம் கிடைக்கும்.

இங்கிலாந்து மரபில் சின்னம் குடும்பப் பெயருக்குச் சொந்தமல்ல. ஓர் ஆளுக்கு வழங்குவார்கள். அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்குப் போகும். 1484-ல் மூன்றாம் ரிச்சர்டின் சாசனத்தால் உருவான லண்டன் ‘காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்’, அதாவது சின்னங்களை வழங்கிப் பதிவுசெய்யும் அலுவலகம், இன்றும் இதைத்தான் சொல்கிறது.

ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1596-ல் சின்னம் வழங்கப்பட்டது அவருடைய அப்பா ஜானுக்கு. கையுறை செய்து விற்றவர். பொன்னிறக் கேடயம், குறுக்கே சாய்வாகக் கறுப்புப் பட்டை, அதன்மேல் ஓர் ஈட்டி. பெயரில் ‘ஸ்பியர்’ இருக்கிறதே, அதனால் ஈட்டி. போர்க்களம் எதுவும் பின்னால் இல்லை. சிவப்புக்கு வீரம், நீலத்துக்கு விசுவாசம் என்று கட்டாய அகராதியும் கிடையாது. பிறகு 1602 வாக்கில், தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று அதே அலுவலகத்தின் ரால்ஃப் புரூக் தன் மேலதிகாரி மீதே புகார் கிளப்பினார். அந்தப் பட்டியலில் ‘நடிகன் ஷேக்ஸ்பியர்’ சின்னமும் இருந்தது. (ஆபீஸ் அரசியல் எந்தக் காலத்தில்தான் இல்லை!)

சின்னம் கிடைத்த அதே 1596-ல் கவிஞரின் ஒரே மகன் ஹேம்நெட் இறந்துபோனான். தம்பிகளுக்கும் முறைப்படியான ஆண்வாரிசு இல்லை. ஆகவே இன்று ஷேக்ஸ்பியர் என்று பெயருள்ள யாரும் அந்த ஈட்டியை உரிமையோடு மாட்டிக்கொள்ள முடியாது.

ஐரோப்பா முழுக்க இதே விதி என்று நினைக்க வேண்டாம். போலந்தில் வெவ்வேறு பெயருள்ள பல குடும்பங்கள் ஒரே சின்னத்தை வைத்திருந்தன.

உங்கள் பெயருக்கு வருவோம். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றபோது உங்கள் கடற்கரைக்கு வந்தவை இந்தப் போர்த்துகீசியப் பெயர்கள். பெயர் வந்தது மதத்தின் வழியே; அதற்கு ரத்தம் தேவைப்படவில்லை. குடும்ப வரலாறு வேண்டுமென்றால் உங்கள் பங்குக் கோவிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றனவா என்று சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தா, பூட்டன் பெயர்கள் அங்கே கிடைக்கக்கூடும். சிங்கம் பார்க்க நன்றாக இருந்தால் சுவரிலேயே இருக்கட்டும்.