மூன்றில் ஒரு பங்கு எங்கே போகிறது?

கேள்வி: அயர்லாந்தில் ஒருவருக்கு மூன்று ஆண்டு சிறை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கடைசி ஓர் ஆண்டை அந்த நீதிபதியே நிறுத்திவைத்துவிட்டாராம். தள்ளுபடி கொடுக்க நீதிமன்றம் என்ன தேக்கா தீபாவளிச் சந்தையா? நம் சிங்கப்பூரில் ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தானே?
- ஒரு வாசகர், ஈசூன்

பதில்: அப்படியா? முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன் வழக்கை அதற்குள் மறந்துவிட்டீர்களா? 2024 அக்டோபர் 3 அன்று அவருக்கு 12 மாதச் சிறை. அரசுத் தரப்பு கேட்டதே ஆறேழு மாதம்தான். நீதிபதி கூடுதலாகவே கொடுத்தார். 7ஆம் தேதி சிறைக்குப் போனவர், 2025 பிப்ரவரி 7 முதல் வீட்டுக் காவலில் இருந்தார். ஜூன் 6 அன்று தண்டனை முடிந்தது. ஆக, 12 மாதம் எட்டு மாதமானது, அதிலும் பாதி வீட்டில். அவருக்காகப் புதிதாகத் திறந்த கதவு இல்லை அது. வீட்டுக் காவல் திட்டம் 2000 முதலே இருக்கிறது.

12-இல் குறைந்த அந்த நான்கு மாதம் எங்கே போனது? பேச்சுவழக்கில் ‘நன்னடத்தைக்காக விட்டுட்டாங்க’ என்போம். விஷயம் அவ்வளவு எளிதில்லை. 2014 ஜூலையிலிருந்து, மூன்றில் இரண்டு பங்கை (குறைந்தது 14 நாளை) முடித்தவரைச் சிறைத்துறை நிபந்தனையோடுதான் வெளியே விடுகிறது. மிச்சக் காலம் முடிவதற்குள் அவர் மறுபடி குற்றம் செய்து சிறைத்தண்டனை பெற்றால், புதிய தண்டனைக்கு மேல் அந்த மிச்சத்தையும் நீதிமன்றம் சேர்த்துப் போட முடியும். பகுதித் தண்டனையை நிறுத்திவைப்பதற்கும் இதற்கும் நடைமுறையில் எவ்வளவு தூரம், நீங்களே சொல்லுங்கள்.

அயர்லாந்து நீதிபதி சட்டத்தை மீறிவிடவில்லை. 2006-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 99-ஆம் பிரிவு, சிறைத்தண்டனையை முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ நிறுத்திவைக்க அனுமதிக்கிறது. ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற நிபந்தனை கட்டாயம். சுவிட்சர்லாந்து இன்னும் கறார்: ஒன்று முதல் மூன்று ஆண்டு வரையிலான தண்டனைக்கு மட்டுமே இந்தப் பகுதி நிறுத்திவைப்பு பொருந்தும், ஆறு மாதமாவது உள்ளே இருந்தே தீர வேண்டும். பிரிட்டனும் 1982-இல் இதைத் தொடங்கிப் பார்த்தது. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கைவிட்டுவிட்டது. அதனால் எல்லோரும் கொண்டாடும் ஏற்பாடு என்றும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் என் ஓட்டு அந்த அயர்லாந்து நீதிபதிக்குத்தான். எவ்வளவு காலம் உள்ளே, எவ்வளவு காலம் வெளியே, என்ன நிபந்தனை என்று அவர் திறந்த நீதிமன்றத்தில், பாதிக்கப்பட்டவர் காதுபடச் சொல்கிறார். காரணமும் சொல்கிறார். பிடிக்கவில்லையென்றால் மேல்முறையீடு செய்யலாம். நம் ஊரில் தலைப்புச் செய்தியில் வருவது பெரிய எண். கழித்தல் கணக்கு பிறகு, சத்தமில்லாமல். நீங்களே ‘ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்’ என்று நம்பிக்கொண்டிருந்தீர்களே!

தண்டனை குறைவதுதான் உங்கள் கோபம் என்றால், டப்ளினை விட்டுவிட்டு 2014 ஏற்பாட்டைக் கண்டித்து ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கித் தருகிறேன்.